பச்சைக் கோப்பும் நூற்று நாற்பத்து மூன்று வரிகளும்

மைசூரு அக்ரஹாரத்தில் இயங்கும் அயல்மொழி ஆவணப் பிரிவின் ஒப்புநோக்குநர் திருமதி வாலாம்பாள் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்த மாதக் கடைசி நாளில், உடன் உழைத்தோர் கூடி வாசித்தளிக்கும் மடல்.

வரிக்கு வரி விழித்திருந்த வாலாம்பாள் அம்மையாரே! பிழையைப் பொறுக்காமலும் பிழைத்தவரைப் பொறுத்தும் பழகிய பெருந்தகையே! அளவுகோலும் அரைப் பென்சிலுமே ஆயுதமாக, ஆழ்கடல் தாண்டி வந்த ஆயிரமாயிரம் கடிதங்களை அடக்கியாண்ட அன்னையே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் தேனும் பாலும் தெளித்து, தென்றலையும் திங்களையும் துணைக்கழைத்து, கேட்பவர் கண்ணயரும்வரை நீட்டி எழுதுவது நம் அலுவலக வழக்கம். இதுவரை ஏழு பேருக்கு அப்படித்தான் எழுதி, வாசித்து, சட்டமிட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். அவற்றில் ஆறில் 'ஓய்வறியா உழைப்பாளி' என்ற தொடர் இருப்பதைத் தாங்களே கண்டுபிடித்து, "பாக்கி உள்ளவா என்ன பாவம் பண்ணினா, சாம்பு சார்?" என்று இந்த மடலை எழுதும் தட்டச்சரிடம் கேட்டீர்கள். ஆகவே தங்களுக்கான மடலில் அந்தத் தொடர் இல்லை. தென்றலும் இல்லை.

தமிழிலேயே இருக்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. "கன்னடத்துல ஆர்டர் வந்துடுத்து, இங்கிலீஷ்ல சர்டிபிகேட் வந்துடுத்து. இதாவது தமிழ்ல இருக்கட்டுமே" என்றீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பிரிவின் தலைவர் பிரதிபா அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆய்வு உதவியாளர் சைத்ரா அவர் அருகே அமர்ந்து மெதுவாகக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு வருகிறாள். எந்த இடத்தில் சொல்வதை நிறுத்த வேண்டும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறோம். அந்த இடம் இன்னும் வரவில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள்! ரயில்வே பணிக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தில் பிறந்து, தட்டச்சில் உயர்நிலை தேறி, இருபத்தொன்பதாம் வயதில் இந்தக் கட்டடத்தின் மரப்படி ஏறினீர்கள். அன்று தங்களுக்கு டச்சு மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஒப்புநோக்குகிறவருக்கு மொழி தெரியாமல் இருப்பதே நல்லது, தெரிந்தால் கண் தானாகத் திருத்திவிடும் என்று அன்றிருந்த அதிகாரி சொன்னாராம். அந்த விசித்திரமான விதியை நான்கே ஆண்டுகளில் மீறினீர்கள். மதிய உணவு டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் அகராதியையும் திறந்துவைத்து, ஒரு கவளத்துக்கு ஒரு சொல் என்று அந்த மொழியைக் கற்றுக்கொண்டீர்கள். அகராதியின் இருநூறாம் பக்கத்தில் இன்றும் புளிக்குழம்புக் கறை இருக்கிறது.

தங்கள் கண்ணுக்குத் தப்பியவை எவை என்று கேட்டால் பட்டியலிட ஒன்றும் கிடைக்காது என்று எழுதத்தான் முதலில் நினைத்தோம். தப்பாதவை பல. தசரா விடுமுறைச் சுற்றறிக்கையில் விஜயதசமியை ஒரு நாள் தள்ளி அச்சிட்டிருந்ததைத் தாங்கள் பிடித்திராவிட்டால், அந்த ஆண்டு யானை ஊர்வலத்தின் வாத்தியச் சத்தத்தை நாங்கள் எல்லோரும் மேசையில் உட்கார்ந்தபடியே கேட்டிருப்போம். சைத்ராவின் திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்கு முன் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்தவரும் தாங்களே. தங்கள் சுருக்கொப்பம் மூலையில் இல்லாமல் ஒரு தாளும் இந்தப் படி இறங்கக்கூடாது என்பது பிரிவின் விதி. விதி என்பதைவிட, எங்களுக்கு அது ஒரு நிம்மதி. 'வாலா' என்று இரண்டே எழுத்து. அதைக் கண்டால் அன்றிரவு தூக்கம் வரும்.

வந்திருக்கும் விருந்தினர்களுக்காக, நம் பிரிவு செய்யும் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கடை விரித்த டச்சு வணிகர்களின் எழுத்தர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் நம்மிடம் படச்சுருளாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து படி எடுக்கிறோம். படி எடுத்தவர் உரக்கப் படிக்க, ஒப்புநோக்குபவர் படத்தில் வரியின் அடியில் அளவுகோலை வைத்து விரலால் பின்தொடர்வார். இருவரும் தாளின் மூலையில் சுருக்கொப்பம் இடுவார்கள். இருபத்தேழு ஆண்டுகளாகப் படிப்பவர் சாம்பு, பார்ப்பவர் வாலாம்பாள்.

அந்த மொழியில் இடத்தைச் சொல்லும் சிறு சொற்கள் சில உண்டு. உள்ளே, மேலே, வெளியே என்று நாம் சொல்பவற்றின் உறவினர்கள். சாமுண்டி மலைமேல் ஒருவர் நிற்கிறார் என்று டச்சில் சொன்னால் அந்தச் சிறு சொல் மலைக்கு முன்னால் வரும். அதே மலைமேல் அவர் ஏறிப்போகிறார் என்றால் இன்று அது மலைக்குப் பின்னால் வந்து நிற்கும். மிகப் பழைய எழுத்துகளிலோ, ஏறிப்போகிறவருக்கும் அது பெரும்பாலும் முன்னால்தான் நின்றது. அது எப்போது இடம் மாறியது, யார் எழுத்தில் முதலில் மாறியது என்பது படித்தவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

தமிழருக்கு இதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். நமக்கு எல்லாமே பின்னால்தான். மலைமேல், வீட்டுக்குள், ஊருக்கு வெளியே. கன்னடத்திலும் அப்படியே. அந்தச் சொல் பின்னால் வந்து நிற்பதைப் பார்த்தால் நம் காதுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். விருந்தினர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம், சற்று நேரத்தில் தேவைப்படும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், யாரும் சொல்லாமலே, நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தாங்கள் கோடு போட்டு எண்ணத் தொடங்கினீர்கள். ஒருவர் எங்காவது போகும், ஏறும், இறங்கும், நுழையும் வரிகள் எத்தனை, அவற்றில் சிறு சொல் முன்னால் நிற்பவை எத்தனை, பின்னால் நிற்பவை எத்தனை என்று. பட்டம் பெற்றவர்கள் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். அந்தத் தாள்களை எவரும் கேட்கவில்லை. தாங்கள் நிறுத்தவும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு வரிகள் சேர்ந்தன. அவற்றில் அறுநூற்றுப் பதினொன்றில் சொல் பின்னால் போயிருந்தது. நம் கடற்கரை எழுத்தர்களின் கடிதங்களில், எதிர்பார்த்ததைவிட அரை நூற்றாண்டு முந்தியே அது பின்னால் போய்விட்டது என்று தெரிந்தது. அறிக்கை எழுதப்பட்டது. அதன் முகப்பில் தங்கள் முழுப் பெயர், முதல் பெயராக. முப்பத்தொரு ஆண்டுகள் தாளின் மூலையில் இரண்டு எழுத்தாக இருந்தவர் முகப்புக்கு வருகிறார் என்று பிரிவே பூரித்தது.

இதுவரை 'நாங்கள்' என்று எழுதிவந்தேன். மடலுக்கு அதுதான் மரபு. இனி வருவதை மற்றவர்கள் தலையில் கட்டுவது முறையல்ல என்பதால் 'நான்' என்றே எழுதுகிறேன். 'தாங்கள்' என்பதும் இனி வாயில் நிற்காது. சைத்ரா, இங்கே நிறுத்திவிடம்மா.

மேடம், ஆறு வாரங்களுக்கு முன் ஒரு முற்பகலில், நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றிலிருந்து அதே கடிதங்களின் புதிய வண்ணப் படங்கள் கணினிக்கு வந்தன. நம் படச்சுருளைவிடப் பத்து மடங்கு தெளிவு. நீங்கள் அன்று வங்கிக்குப் போயிருந்தீர்கள். சைத்ரா ஒரு பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி, நான் எடுத்த படியோடு வைத்துப் பார்த்தாள். "சார், இல்லி நோடி, இங்க பாருங்க. ஒரிஜினல்ல அந்தச் சொல்லு முன்னாடி இருக்கு. நீங்க பின்னாடி போட்டிருக்கீங்க. ஹிந்தே முந்தே ஆகிருக்கு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஒரு வணிகர் நகரத்துக்குள் போகிறார். அந்த எழுத்தர் 'உள்ளே' என்ற சொல்லை நகரத்துக்கு முன்னால்தான் எழுதியிருக்கிறார். நான் அதைத் தூக்கி நகரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. வரியைப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை விசைப்பலகைக்குத் திருப்பும் அந்த இரண்டு நொடியில், என் தமிழ்க் காது அந்தச் சொல்லைத் தனக்குப் பழகிய இடத்தில் உட்காரவைத்துவிட்டது. மைசூரில் அல்லாமல் லண்டனில் ஒருவர் படி எடுத்திருந்தால் வேறு ஆயிரம் பிழை செய்திருப்பார், இதைச் செய்திருக்க மாட்டார்.

அதைவிடக் கொடுமை அடுத்த நினைப்பு. அந்த வரியை நான் உரக்கப் படித்திருக்கிறேன். நீங்கள் படத்தில் பின்தொடர்ந்திருக்கிறீர்கள். உங்கள் விரல் அந்தச் சொல்லின்மேல் போயிருக்கிறது, நிற்கவில்லை. உங்கள் காதும் என் காது மாதிரியே வளர்ந்த காதுதானே. தாளின் மூலையில் இருவர் ஒப்பமும் இருந்தது.

இது ஒரு வரியோடு நின்றதா, ஒவ்வொரு தாளிலும் இருக்கிறதா? நீங்கள் பதினான்கு ஆண்டுகள் எண்ணிச் சேர்த்தது டச்சுக்காரர்களின் மாற்றமா, என் காதின் கோளாறா? இடம் மாறியவை அறுநூற்றுப் பதினொன்றும் நான் மாற்றியவையாகவே இருந்துவிட்டால்? முகப்பில் உங்கள் பெயர் போட்டு அச்சுக்குப் போகக் காத்திருந்த அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஒரு முழு நாள் உங்களிடம் சொல்லவில்லை. சைத்ராவையும் சொல்லவிடவில்லை. மறுநாள் மதியம் பல்வலி என்று சொல்லி மோரை மட்டும் குடித்தேன். நீங்கள் டப்பாவை மூடிக்கொண்டே, "பல் வலின்னா ஒரு பக்கமா வாயை வெச்சுண்டு பேசுவா. நீங்க நேராத்தானே பேசறேள். என்ன விஷயம், சாம்பு சார்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். நீங்கள் அழவில்லை, திட்டவில்லை. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "முதல் கட்டுலேர்ந்து எடுங்கோ" என்றீர்கள்.

ஐந்து வாரம். விருந்தினர்களே, ஓய்வுபெறப் போகிறவர்கள் கடைசி ஐந்து வாரத்தில் இழுப்பறையைக் காலி செய்வார்கள், ஊருக்குப் போன் செய்வார்கள், மேசைக்கு மேசை போய்க் கதை பேசுவார்கள். இந்த அம்மையார் அறுநூற்றுப் பதினொரு வரிகளையும் மறுபடி பார்த்தார். இந்த முறை வேறு வழி வைத்தார். வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கி, தலைகீழாகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் பொருள் புரியாது, புரியாததால் காது மூக்கை நுழைக்காது. ஒன்றும் தெரியாமல் இருப்பதே நல்லது என்ற அந்தப் பழைய அதிகாரியின் விதிக்குக் கடைசியில் நீங்களே திரும்பி வந்தீர்கள், மேடம். முதல் கட்டில் பத்துக்கு ஆறு பிழையாக வந்தபோது நான் எழுந்து வெளியே போய் அக்ரஹாரச் சதுக்கத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்தேன். எந்த ஸ்கூட்டர் மேலும் விழாமல் திரும்பியது என் அதிர்ஷ்டம்.

முடிவு இதுதான். நூற்று நாற்பத்து மூன்று வரிகள் என் பிழை. நானூற்று அறுபத்தெட்டு வரிகள் உண்மையிலேயே அந்த எழுத்தர்கள் எழுதியவை. அரை நூற்றாண்டு இருபது ஆண்டாகச் சுருங்கியது. அறிக்கை இளைத்தது, ஆனால் சாகவில்லை. சைத்ரா கூட்டிப் பார்த்துச் சொன்ன அன்று அலுவலக உதவியாள் லிங்கப்பன் எல்லோருக்கும் இரண்டாம் முறை காபி போட்டான்.

நூற்று நாற்பத்து மூன்றையும் அறிக்கையின் பின்னிணைப்பாக வெளியிட வேண்டும் என்றீர்கள். "மறைச்சா மத்த நானூத்திச் சொச்சத்தை யார் நம்புவா?" என்றீர்கள். போன சனிக்கிழமை அதை நானே தட்டச்சு செய்தேன். வரி எண், மூலத்தில் இருப்பது, படியில் இருப்பது, பிழைக்குப் பொறுப்பு என்று நான்கு பத்திகள். நான்காவது பத்தியில் நூற்று நாற்பத்து மூன்று முறையும் 'சாம்பு' என்று போட்டேன். பொய்யில்லை, கை என்னுடையதுதானே. முகப்பில் முதன்முறையாக வரும் உங்கள் பெயர், அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் பிழை செய்தவர் பட்டியலிலும் வர வேண்டுமா என்று நினைத்தேன். இவ்வளவு ஆண்டு பழகியதற்கு அந்த அளவாவது செய்யக்கூடாதா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, அறிக்கையும் பின்னிணைப்பும் சேர்ந்த பச்சைக் கோப்பை, கடைசித் தாளில் உங்கள் ஒப்பத்துக்காக, உங்கள் மேசையில் வைத்தோம். முகப்பிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினீர்கள். மூடினீர்கள். பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியையும் மூடினீர்கள். அன்று முதல் இன்று வரை எந்தத் தாளிலும் நீங்கள் ஒப்பமிடவில்லை. பிரதிபா மேடம் நாளுக்கு இரண்டு முறை வந்து, "ஒந்து ஸைன் அஷ்டே அல்வா, மேடம்?" என்று கேட்டார். ஒரே ஒரு கையெழுத்துதானே என்று அவர் கேட்டதற்கெல்லாம் உங்கள் பதில், "அப்புறம் பாக்கலாம்." எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளியிலிருந்து வந்த நம் லிங்கப்பன், கோப்புகளைத் தூக்கித் தூக்கியே நம் பிரிவை அறிந்தவன், கதவோரம் நின்று, "அக்கா, கண்ணு மங்கலாத் தெரியுதாட்ட இருக்குதுங்க. எங்கூருப் பக்கம் நல்ல கண்ணு டாக்டரு இருக்கறாருங்க, கூட்டிட்டுப் போவட்டுங்களா?" என்று கேட்டான். நீங்கள் சிரித்தீர்கள். இந்த வாரம் நீங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

லிங்கப்பன் கேட்டது வேடிக்கையாக இருந்தாலும், எங்கள் எல்லோருடைய பயமும் அதுதான். உங்கள் கண்ணின்மேல் உங்களுக்கே நம்பிக்கை போய்விட்டதோ என்ற பயம். போகவைத்தவன் நான். இன்று மாலை ஐந்தரைக்கு மேல் நீங்கள் இந்தப் பிரிவின் ஊழியர் அல்ல. அதற்குப் பிறகு நீங்கள் இடும் ஒப்பம் செல்லாது. உங்கள் இடத்துக்கு இன்னும் யாரும் நியமிக்கப்படவில்லை. போன முறை இங்கே ஓர் இடம் காலியானபோது நிரம்ப ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதுவரை இந்த அறிக்கை அலமாரியில், அந்துருண்டைக்குப் பக்கத்தில் கிடக்கும். பதினான்கு ஆண்டு எண்ணிக்கை, அதைக் காப்பாற்றிய ஐந்து வாரம், முகப்பில் உங்கள் பெயர், எல்லாம் அதனுள்.

இதை நான் வாசிக்கும் இந்த நேரம் மணி நாலரை ஆகியிருக்கும். மேடையில் ஏலக்காய் மாலை இருக்கிறது, சால்வை இருக்கிறது, பழத்தட்டு இருக்கிறது. பழத்தட்டுக்கு அடியில் அந்தப் பச்சைக் கோப்பும் இருக்கிறது. யாரையும் கேட்காமல் நான்தான் வைத்தேன். விழா மேடையில் அலுவலக வேலையை வைக்கிறானே என்று தலைவர் கோபிக்கலாம். கோபிக்கட்டும்.

மேடம், உங்களைப் புகழ்வதற்காக இந்த மடலை எழுதத் தொடங்கினேன். இப்போது கெஞ்சுவதில் வந்து நிற்கிறது. நூற்று நாற்பத்து மூன்றைத் தவறவிட்ட அதே கண்கள்தான் நானூற்று அறுபத்தெட்டைக் காப்பாற்றியவை. பிழை இருந்தால் பின்னிணைப்பில் பழியை ஏற்க ஆள் இருக்கிறான், பெயரும் போட்டாயிற்று. உங்கள்மேல் ஒரு தூசியும் படாது. தயவுசெய்து பெட்டியைத் திறங்கள், பென்சிலை எடுங்கள். சைத்ரா, இனி தொடரலாம்.

நற்பணி முடித்த நல்லவரே! ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கள் மகன் அர்ஜுன் கட்டியிருக்கும் வீட்டில், நெடுஞ்சாலைச் சத்தம் எட்டாத பின்னறையில், இனியாவது எழுத்துகளைப் பார்க்காமல் காவிரியைப் பார்த்துக்கொண்டு காலம் கழியுங்கள். இனித் தங்கள் கண்ணில் படும் கடைப் பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தங்கள் கண்ணும் காலும், மூட்டும் மூச்சும் மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் நூறாண்டு ஓடட்டும் என்று நாங்கள் அனைவரும், மறுபடியும் நாங்களாகவே, நெஞ்சார வேண்டுகிறோம்.

தங்கள் ஒப்பத்தை நம்பியே உறங்கிய,
அயல்மொழி ஆவணப் பிரிவு ஊழியர்கள்,
மைசூரு.

எழுதியவர்: சாம்பு
ஒப்புநோக்கியவர்: ....................

*

சட்டமிடுவதற்கு முன் சேர்த்தது

மேடம், உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் இதைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

நான் வாசித்து முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தெரியாதவர்கள் முடிந்துவிட்டதா என்று தெரியாமல் இருந்தார்கள். என்ன ஆயிற்று என்று புரியாமல் "ஏனாயித்து?" எனப் பிரதிபா மேடம் சைத்ராவின் காதில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. நீங்கள் கையை நீட்டி, "குடுங்கோ" என்றீர்கள். கோப்பைத்தான் கேட்கிறீர்கள் என்று பழத்தட்டைத் தூக்கப் போனேன். "அது இல்லை. படிச்சேளே, அது."

மடலைக் கொடுத்தேன். கைப்பையிலிருந்து பென்சில் பெட்டியை எடுத்தீர்கள். ஐந்து நாள்களுக்குப் பிறகு அது திறந்தது. விருந்தினர்களுக்குக் கேசரிபாத்தும் காராபாத்தும் வந்துகொண்டிருக்க, நீங்கள் மேடையில் அமர்ந்து வரி வரியாக விரலை ஓட்டினீர்கள். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது. "ஏழு பேர் இல்லை, எட்டு. வாட்ச்மேன் ஜடையனுக்கும் நீங்கதான் எழுதினேள். அவரை விட்டுட்டேளே." 'ஏழு' என்பதை அடித்து 'எட்டு' என்று மேலே எழுதினீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த நொடியில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் மடலின் கீழே நீங்கள் ஒப்பமிடவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, பழத்தட்டை நீங்களே நகர்த்தி, பச்சைக் கோப்பை எடுத்தீர்கள். கடைசித் தாளைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன். பின்னிணைப்பைத் திறந்தீர்கள்.

"இதுல நூத்தி நாப்பத்தி மூணு எடத்துலயும் உங்க பேர் மட்டும்தான் இருக்கு."

"கை என்னோடது, மேடம்."

"கண்ணு யாரோடது?"

நான் பழத்தட்டை நேராக வைத்தேன்.

"நான் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்ட தாள்தானே அத்தனையும். சரியா இருந்தா வாலா, தப்பா இருந்தா சாம்புவா? திங்கட்கிழமைலேர்ந்து நீங்களே மாத்துவேள்னு பாத்துண்டிருக்கேன். நீங்க என்னடான்னா மைக்ல வேற சொல்றேள், உங்க மேல தூசி படாதுன்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து நாளும் நான் பயந்தது ஒன்று, நீங்கள் காத்திருந்தது வேறொன்று. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து உங்களை நானே பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருந்தேன்.

முதல் வரியில் தொடங்கினீர்கள். 'சாம்பு' என்பதற்குப் பக்கத்தில் 'வாலா'. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. பார்க்காமல் போட்டுக்கொண்டே போகவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போட்டீர்கள். மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. என்ன நடக்கிறது என்று சைத்ரா சொல்லி முடிப்பதற்குள் பிரதிபா மேடம் எழுந்து வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளின் இரண்டு ஓரத்தையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக நின்றேன். ஐந்து மணிக்கு எழுபதாவது வரி. ஐந்து பத்துக்கு நூறு. அவசரப்படுத்தும் சொல் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். லிங்கப்பன் உங்கள் காபியை இரண்டு முறை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தான், மூன்றாவது முறை விட்டுவிட்டான்.

நூற்று நாற்பத்து மூன்றாவது வரியில் போட்ட பிறகு, கடைசித் தாளைத் திருப்பி, பேனாவை வாங்கி, மூலையில் ஒப்பமிட்டீர்கள். பிறகு இந்த மடலை இழுத்து, நான் புள்ளி வைத்துவிட்டிருந்த இடத்தில் ஒரு முறை. அப்போது மணி ஐந்து இருபத்தாறு. ஏலக்காய் மாலையைப் போட்டுக்கொள்ளவே இல்லையே என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். நீங்கள் ஆறிப்போன காபியை முதலில் குடித்தீர்கள்.

எழுதியவர்: சாம்பு
ஒப்புநோக்கியவர்: வாலா